பல் எப்படி வலிக்கிறது? முதலில் அதைச் சொல்லுங்கள்

தருமபுரியில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் 14 வருடமாக டோக்கன் போடுகிறேன், போன் எடுக்கிறேன், டாக்டர் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்கிறேன். நான் டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் காலை எட்டரைக்கு "அக்கா, பல்லு வலி உயிர் போகுது, இன்னிக்கே வரணுமா, சம்பளம் வந்ததும் வந்தா போதுமா?" என்று வருகிற போனுக்குப் பதில் சொல்வது நான்தான். 14 வருடத்தில் கேட்ட கேள்விகள் திரும்பத் திரும்ப அதே பத்துப் பன்னிரண்டுதான்.

எல்லோரும் எவ்வளவு வலிக்கிறது என்றே சொல்கிறார்கள். அதை வைத்து ஒன்றும் பெரிதாகக் கண்டுபிடிக்க முடியாது. எது பட்டால் வலி கிளம்புகிறது, அதை எடுத்த பிறகு எவ்வளவு நேரம் நிற்கிறது, எதுவும் படாமல் தானாகவே கிளம்புகிறதா, இந்த மூன்றையும் கவனித்துச் சொன்னால் பாதி விஷயம் போனிலேயே தெரிந்துவிடும். மீதி எக்ஸ்ரேயில்.

முதலில் இவை இருக்கிறதா பாருங்கள்

கன்னமோ தாடைக்குக் கீழேயோ வீங்கி, கூடவே காய்ச்சல், வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்கக் கஷ்டம், நாக்கு மேலே தூக்கினாற்போல் இருக்கிறது என்றால் அதற்குமேல் இதைப் படிக்க வேண்டாம். எங்களுக்குப் போன் போடவும் வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ராத்திரி என்றாலும் சரி. கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் கழுத்துப் பக்கம் இறங்கினால் மூச்சுக் குழாயை நெருக்கும். வீக்கத்துக்கு வெளியிலிருந்து சூடாக ஒத்தடம் கொடுப்பது நம் ஊரில் எல்லோரும் செய்வது, தயவுசெய்து செய்யாதீர்கள், சீழ் தோல் பக்கம் உடைத்துக்கொண்டு வரும், கன்னத்தில் தழும்பு நின்றுவிடும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பதில் தப்பில்லை.

இரண்டாவது, அடிபட்டுப் பல் முழுசாக வெளியே வந்துவிட்டால். விழுந்து முளைத்த நிரந்தரப் பல் என்றால் அதைத் திரும்ப வைக்க முடியும், ஆனால் அரை மணி, அதிகம் போனால் ஒரு மணி நேரத்துக்குள் வர வேண்டும். வெள்ளையாக இருக்கும் மேல் பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள், வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். மண் ஒட்டியிருந்தால் சில விநாடி தண்ணீரில் காட்டினால் போதும். தைரியம் இருந்தால் அந்தக் குழியிலேயே நேராக வைத்து ஒரு துணியைக் கடிக்கச் சொல்லிக் கூட்டி வாருங்கள். இல்லையென்றால் காய்ச்சாத பாலோ காய்ச்சி ஆறிய பாலோ, ஒரு டம்ளரில் போட்டுக் கொண்டு வாருங்கள். பஞ்சில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம், அப்படிக் காய்ந்த பல் பெரும்பாலும் தங்குவதில்லை. பால்பல் விழுந்தால் திரும்ப வைக்கக் கூடாது, கீழே வளர்கிற பல்லுக்குக் கெடுதல்.

மூன்றாவது யாரும் எதிர்பார்க்காதது. மாடிப்படி ஏறினால் கீழ்த்தாடை வலிக்கிறது, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது, கொஞ்சம் வேர்க்கிறது. இது பல் இல்லாமல் இதயமாக இருக்கலாம். ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு அப்புறம் பல்லைப் பார்க்கலாம். உட்கார்ந்தும் விடவில்லை என்றால் 108க்குக் கூப்பிடுங்கள்.

பச்சைத் தண்ணீர் பட்டால் சுரீர், உடனே போய்விடுகிறது

இது பல் கூச்சம். தண்ணீரை விழுங்கியதும் ஓரிரு விநாடியில் அடங்கிவிட்டால் நரம்பு உயிரோடு, நல்லபடியாக இருக்கிறது என்று அர்த்தம். ஈறு இறங்கி வேர் வெளியே தெரிவது, பல்லின் கழுத்தில் அரிவாளால் கொத்தினாற்போல் பள்ளம் விழுவது, சின்னச் சொத்தை, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். அந்தப் பள்ளம் அநேகமாக நாமே தேய்த்துக்கொண்டது. செங்கல்தூள், உமிக்கரி, உப்பு, அப்புறம் மூன்று மாதத்தில் பூ மாதிரி விரிந்துவிடுகிற ஹார்டு பிரஷ். பாத்திரம் விளக்குகிற மாதிரி தேய்த்தால்தான் சுத்தம் என்ற நினைப்பு நம் வீடுகளில் அப்படி ஊறிப்போயிருக்கிறது. சாப்ட் பிரஷ் வாங்குங்கள். கூச்சத்துக்கான பேஸ்ட் இரண்டு, மூன்று வாரம் தொடர்ந்து தேய்த்தால்தான் வேலை செய்யும், இரண்டு நாளில் கேட்கவில்லை என்று விடாதீர்கள். எலுமிச்சை ஜூஸ், சோடா குடித்த கையோடு பல் தேய்க்காமல் அரை மணி விட்டுத் தேய்ப்பது நல்லது. பள்ளம் ஆழமாக இருந்தால் அடைத்தாக வேண்டும், பேஸ்ட் போதாது.

தண்ணீரை விழுங்கி முடித்தும் அரை நிமிடத்துக்கு மேல் வலி இழுத்துக்கொண்டே நின்றால் அது கூச்சக் கணக்கில் வராது, அடுத்த பத்திக்கு வாருங்கள்.

ராத்திரி படுத்தால் விண் விண் என்று தெறிக்கிறது

போன வருடம் பாலக்கோட்டிலிருந்து ஓர் அண்ணன் பஸ்ஸில் வந்தார். கையில் ஒரு லிட்டர் பாட்டில், ஐஸ் தண்ணீர். ஒரு மடக்கு வாயில் வைத்துக்கொண்டு தலையை இடது பக்கமாகச் சாய்ப்பார், அரை நிமிடத்தில் அது சூடானதும் எழுந்து போய் வாஷ்பேசினில் துப்பிவிட்டு அடுத்த மடக்கு. பேர் கேட்டால் சொல்ல முடியவில்லை, வாய் நிறையத் தண்ணீர். டோக்கன் சீட்டின் பின்னால் எழுதிக் காட்டினார். மூன்று ராத்திரி இப்படியே உட்கார்ந்திருக்கிறார், பாட்டில் காலியானால் பொண்டாட்டியை எழுப்பி நிரப்பச் சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டிலைப் பார்த்ததுமே டாக்டர் என்னிடம் ரூட் கெனால் டிரேயை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார், இன்னும் வாயைக்கூடப் பார்க்கவில்லை.

பல்லுக்கு உள்ளே இருக்கிற நரம்பும் ரத்தமும் சேர்ந்த சதை, சொத்தையின் கிருமி எட்டியதும் வீங்கும். கை வீங்கினால் தோல் விரிந்து கொடுக்கும், பல்லுக்குள் விரிய இடமே கிடையாது, சுற்றிலும் கெட்டிச் சுவர். அந்த அழுத்தம்தான் வலி. படுத்தால் தலைப் பக்கம் ரத்த அழுத்தம் கூடுகிறது, அதனால்தான் பகலில் வேலை செய்யும்போது தெரியாதது ராத்திரி தெறிக்கிறது. சூடாக டீ குடித்தால் ஏறும், குளிர்ந்த தண்ணீருக்கு அடங்கும் என்கிற நிலைமை வந்துவிட்டால் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி அதற்குப் போகிற வழி இரண்டுதான், ரூட் கெனால் என்கிற வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றுவது, இல்லை பிடுங்குவது.

"எந்தப் பல்லுன்னே தெரியலைக்கா, மேலயா கீழயா?" என்று பலரும் கூச்சப்பட்டுக்கொண்டே கேட்பார்கள். இந்தக் கட்டத்தில் யாருக்கும் தெரியாது. கீழ்ப் பல் வலி மேல் வரிசையில் தெரியும், காதில் குத்தும், பொட்டில் தெறிக்கும். ஆனால் இடது பக்கப் பல்லின் வலி வலது பக்கம் தெரியாது, அந்த அளவுக்கு நம்பலாம். ஐஸ் தொட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து டாக்டர் கண்டுபிடித்துவிடுவார், நீங்கள் ஊகித்து "இதைப் பிடுங்குங்க" என்று அடம்பிடிக்க வேண்டாம்.

இன்று ராத்திரியை ஓட்ட என்ன செய்வது? இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள். டாக்டர் உங்களுக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுத்த வலி மாத்திரை இருந்தால் அதை விழுங்குங்கள், பல்லுக்குப் பக்கத்தில் வைத்து அடக்கிக்கொள்ளாதீர்கள், ஈறு வெந்து வெள்ளையாக உரிந்துவிடும். கிராம்பு பொய்யில்லை, அதில் இருக்கிற யூஜினால் மரத்துப்போக வைக்கும், நாங்கள் தற்காலிகமாக அடைக்கிற ஒரு மருந்திலேயே அது உண்டு, அறைக்குள் வந்ததும் வருகிற அந்த ஆஸ்பத்திரி வாசனை அதுதான். ஒரு கிராம்பை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் ஊற வைத்து அமுக்கினால் ஈறு வெந்துபோகும். மூக்குப்பொடி, புகையிலை, சாராயம் எதுவும் வேண்டாம்.

அப்புறம் மெடிக்கலில் "பல்லு வலிக்கு மாத்திரை" என்று கேட்டு வாங்குகிற ஆன்டிபயாட்டிக். உள்ளே அடைபட்டுச் சாகிற நரம்புக்கு அதனால் ஒன்றும் ஆகாது, வீக்கமும் காய்ச்சலும் இருந்தால்தான் டாக்டர் எழுதுவார். மூன்று நாள் போட்டேன் நின்றுவிட்டது என்பீர்கள். நின்றதற்குக் காரணம் வேறு.

வலி தானாகவே போய்விட்டது, இனி வர வேண்டாமே?

போன் செய்து அப்பாயின்ட்மென்டை ரத்து செய்கிறவர்களில் பாதிப் பேர் சொல்வது இதுதான். ஒரு வாரம் உயிரை வாங்கிய வலி திடீரென்று சுவிட்சை அணைத்தாற்போல் நின்றால் நரம்பு செத்துவிட்டது. கிருமிக்கு இப்போது தடுப்பார் இல்லை, வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கி மெதுவாகப் பை கட்டும். சில மாதம் கழித்து ஈறில் பரு மாதிரி ஒன்று வரும், அமுக்கினால் கசப்பாகவோ உப்பாகவோ ஏதோ வடியும், மறுபடி அடைந்துகொள்ளும். வலியே இருக்காது, சீழுக்கு வெளியே வரப் பாதை கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். அந்தப் பருவைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இன்னும் பல்லைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு, அடுத்த கட்டம் தொடக்கத்தில் முதல் ஆபத்தாகச் சொன்ன அந்த வீக்கம்.

கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்தால் பூச்சி விழும் என்று பாட்டிகள் சொல்வார்கள். பல்லில் பூச்சி என்று எதுவும் கிடையாது. வாயில் இருக்கிற பாக்டீரியா நாம் தின்கிற சர்க்கரையைத் தின்றுவிட்டு அமிலம் விடுகிறது, அது பல்லைக் கரைக்கிறது.

கடித்தால் மட்டும் வலிக்கிறது

எப்போது என்று பாருங்கள். கடித்து அழுத்தும்போதா, கடித்ததை விடும்போதா? விடும்போது சுரீர் என்றால் பல்லில் விரிசல் இருக்கலாம். தட்டுவடை, கொட்டைப்பாக்கு, எலும்பு, சோடா மூடியைப் பல்லால் திறப்பது, இவைதான் வழக்கமான குற்றவாளிகள். விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, அதனால் "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைன்னாங்களே" என்று சும்மா இருக்காதீர்கள். பல்லை மூடுகிற உறையான கேப் சீக்கிரம் போட்டால் தப்பும், விரிசல் வேர் வரை போனால் பிடுங்கத்தான் வேண்டும்.

நேற்று சொத்தை அடைத்தீர்கள், இன்று அந்தப் பல் முதலில் இடிக்கிறது என்றால் அடைப்பு கொஞ்சம் உயரம். வந்து அந்த உயரத்தை டாக்டரிடம் தேய்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலை, பழகிவிடும் என்று ஒரு மாதம் ஓட்ட வேண்டாம். மேல் கடைவாய்ப் பற்கள் மூன்று நான்கு சேர்ந்து கனத்து, குனிந்தால் அதிகமாகி, மூக்கும் அடைத்திருந்தால் சைனஸ், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். முகம் கழுவும்போது தண்ணீர் பட்டாலே கரண்ட் அடித்தாற்போல் சில விநாடி வெட்டி நிற்கிற வலி முகத்து நரம்பின் நோய். அதற்காக நல்ல பல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு கடைசியில் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தேய்த்தால் ரத்தம் வருகிறது

ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தேய்க்காமல் விடுவார்கள், விட்டால் இன்னும் அழுக்கு சேர்ந்து இன்னும் ரத்தம் வரும். ஈறு ஓரத்தில் கெட்டியாகிப்போன காரையை பிரஷ்ஷால் எடுக்க முடியாது, டாக்டர் கருவி வைத்து கிளீன் செய்கிற ஸ்கேலிங்தான் வழி.

"கிளீன் பண்ணினா பல்லு ஆடிடும், எங்க மாமாவுக்கு அப்படித்தான் ஆச்சு." வாரத்துக்கு இரண்டு மாமாக்களைக் கேட்கிறேன். காரை பற்களுக்கு நடுவே சிமென்ட் மாதிரி அடைத்துக்கொண்டு, ஏற்கெனவே எலும்பு கரைந்த பல்லைத் தாங்கிப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டமும் இடைவெளியும் தெரியும். மாமா பத்து வருடம் முன்னாலேயே வந்திருந்தால் ஆடியிருக்காது. ஸ்கேலிங் செய்த ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் கூசும், போய்விடும். பல்லின் எனாமலைச் சுரண்டுவதில்லை, அந்தக் கருவி அதிர்ந்து காரையை உதிர்க்கிறது. சுகர் இருக்கிறவர்களுக்கு ஈறு சீக்கிரம் கெடும், ஈறு கெட்டால் சுகரும் கட்டுக்குள் வர மறுக்கும், அதனால் அவர்கள் தள்ளிப்போடவே கூடாது.

பிடுங்கிய பிறகு

வைத்த பஞ்சை முக்கால் மணி நேரம் கடித்துக்கொண்டே இருங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். அன்றைக்குத் துப்பவோ கொப்பளிக்கவோ கூடாது, ஸ்ட்ரா போட்டு உறியக் கூடாது. குழியில் உறைகிற ரத்தக் கட்டிதான் அந்தக் காயத்துக்கு மூடி, அதைப் பிடுங்கிப் போட்டால் எலும்பு திறந்துகொள்ளும். எச்சிலில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் பரவாயில்லை. வாய் நிறைய ரத்தம் நிறைந்துகொண்டே இருந்தால் போன் செய்யுங்கள். அடுத்த நாளிலிருந்து உப்புத் தண்ணீர்.

முதல் இரண்டு நாள் குறைந்துகொண்டு வந்த வலி மூன்றாம் நாள் திரும்பி, காது வரை இழுத்து, வாயில் நாற்றமும் அடித்தால் அந்த ரத்தக் கட்டி போய்விட்டது. பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு இது அதிகம். மாத்திரையால் கேட்காது, வந்து குழியைக் கழுவி மருந்து வைத்துக்கொள்ள வேண்டும், வைத்த சில நிமிடத்தில் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

மேல் பல் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பதற்காக மட்டுமே ஒரு பாட்டி நான்கு வருடம் சீழோடு இருந்தார். பல்லுக்குப் போகிற நரம்பு மூளையிலிருந்து வருகிற ஐந்தாவது நரம்பு, பார்வைக்கு இரண்டாவது. இரண்டுக்கும் ரூட்டே வேறு.

வேர் சிகிச்சைக்குப் பின் கடித்தால் சில நாள் வலிக்கலாம், வீங்கினால் மட்டும் உடனே வாருங்கள். கடைவாய்ப் பல் என்றால் கேப் வியாபாரத்துக்காகச் சொல்வதில்லை. சொத்தையும் துளையும் போக மிச்சமிருப்பது முட்டை ஓடு மாதிரி சுவர், கரும்பு கடித்தால் பிளந்துவிடும். கேப் கழன்றுவிட்டால் ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள். ஃபெவிகுவிக் போட்டு ஒட்டிக்கொண்டு வந்தவர் ஒருவர் உண்டு, அதைப் பிரிக்க டாக்டர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

குழந்தைகள்

"விழற பல்லுதானே, எதுக்கு அடைக்கணும்?" இந்தக் கேள்விக்கு நான் ஒரு பதில்தான் சொல்வேன்: கடைசிப் பல்லைக் காட்டுங்கள், குழந்தைக்கு வயது என்ன? ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கிறது. அதற்காக எந்தப் பல்லும் விழுவதில்லை, அதனால் வீட்டில் யாருக்கும் அது வந்ததே தெரியாது, பால்பல் என்றே நினைத்துக்கொள்வார்கள். அது நிரந்தரப் பல், எழுபது வயதிலும் அதை வைத்துத்தான் மெல்ல வேண்டும். பத்து வயதில் வேர் வரை சொத்தையாகி வருகிற பற்களில் அதுதான் அதிகம். ஆறு, ஏழு வயதில் ஒரு முறை கூட்டி வந்து அதன் பள்ளங்களை மூடுகிற சீலன்ட் போட்டுவிட்டால் பெரும்பாலும் ஊசி வரை போகாது. பால்பல்லும் காரணத்தோடுதான் இருக்கிறது, அடியில் வருகிற பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது, சீக்கிரம் பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும்.

கீழ் முன்பல் விழாமலே பின்னால் இன்னொரு வரிசை முளைத்தால் பயப்படாதீர்கள். நாக்கு தள்ளத் தள்ள அது முன்னால் வந்துவிடும். ஆடுகிற பல்லைக் குழந்தையே ஆட்டிக்கொள்ளட்டும், இரண்டு மூன்று மாதமாகியும் அசையவில்லை என்றால் வாருங்கள். ஊசி போட்டு அனுப்பினால் இரண்டு, மூன்று மணி நேரம் குழந்தை உதட்டைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மரத்துப்போன உதட்டைச் சூயிங்கம் மாதிரி மென்றுவிடும்.

எவ்வளவு தேய்த்தும் மஞ்சளும் பழுப்பும் போகவில்லை

எங்கள் மாவட்டத்தில் இந்தக் கேள்வி கல்யாண வயதுப் பிள்ளைகளுடையது. நிலத்தடி நீரில் ஃபுளூரைடு. ஒரு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, இங்கே பல ஊர் போர்வெல்லில் அதைத் தாண்டியிருந்தது, அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பல் தாடைக்குள் உருவாகும்போதே பிடித்த கறை, வெளியே தேய்த்தால் போகாது, கரிப் பேஸ்டும் எலுமிச்சையும் உள்ள எனாமலையும் கெடுக்கும். லேசான கறையை டாக்டர் மேலாகத் தேய்த்து எடுக்கலாம், ஆழமானதற்கு மேலே மூட வேண்டும். இனிப் பிறக்கிற குழந்தைக்கு அந்தத் திட்டத்துக் குழாயில் வருகிற காவிரி ஆற்றுத் தண்ணீரையே கொடுங்கள்.

வாய்ப்புண், வாய் திறக்கச் சிரமம்

கடித்த புண், கூர்மையான பல் உரசிய புண் பத்து நாளில் ஆறும். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், வலிக்கவே வலிக்காத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இவற்றைக் காட்டியாக வேண்டும். உங்கள் மூன்று விரலை நெட்டுக்குத்தாக முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். நுழையவில்லை, காரம் பட்டால் வாய் எரிகிறது, பாக்கோ மாவாவோ பான்மசாலாவோ போடுகிற பழக்கமும் உண்டு என்றால் கன்னம் உள்ளே நார் கட்டிக்கொண்டிருக்கிறது. புகையிலை கலக்காத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும். இந்தப் போனை நான் டோக்கனுக்கு நிற்க வைக்க மாட்டேன், அன்றைக்கே வரச் சொல்வேன்.

வரும்போது

சாப்பிடுகிற மாத்திரைகளின் அட்டையை அப்படியே எடுத்து வாருங்கள், "ஒரு வெள்ளை மாத்திரை" என்றால் எங்களுக்குத் தெரியாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்கள் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்தால் பிடுங்கும் முன் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தால் நான்கிலிருந்து ஆறு மாதம் வரை வைத்தியத்துக்கு வசதியான காலம், அவசரம் என்றால் எந்த மாதத்திலும் பார்ப்போம். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், சுகர்காரர்கள் கட்டாயம்.

செலவுதான் தடை என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. சென்னையில் கோட்டை ரயில் நிலையம் பக்கத்திலும், சிதம்பரத்திலும், புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வரிசையில் நிற்க வேண்டும், ஒரே நாளில் முடியாது, மாணவர்கள் செய்வார்கள், பக்கத்தில் பேராசிரியர் நிற்பார். எங்கள் டாக்டரும் அங்கேதான் கை பழகினார்.